ஓடை மணலில் இறங்கும் நீரை வெப்பமானியால் அளத்தல்: வீச்சு சொல்லும் விடையும் தாமதம் சொல்லும் விடையும் ஏன் ஒத்துவரவில்லை?

ஓடைக்கரையான் | மார்ச் 4, காலை 9.12

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஓடையில் தடுப்பணைக்குக் கீழே ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீளத்துக்கு, ஆறு மீட்டர் அகலத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீர் மணலின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதியில் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் மணலுக்குள் இறங்குகிறது என்பதை அறிய வேண்டும் என்று கரையோரக் கிணற்றுக்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், வெப்பநிலையைத் தடயமாகக் கொண்டு அளக்கும் முறையை முயன்று பார்த்தேன்.

ஒரு மீட்டர் நீள மூங்கில் கழியில் டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலை உணரிகள் இரண்டைக் கட்டி, ஒன்று மணல் மட்டத்திலிருந்து 10 செ.மீ. ஆழத்திலும் மற்றொன்று 30 செ.மீ. ஆழத்திலும் இருக்குமாறு அடித்து இறக்கினேன். மூன்றாவது உணரி ஓடும் நீரில் இருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்பது நாட்கள், மேகமற்ற வானத்தின் கீழ் பதிவு செய்தேன். ஓடை நீர் விடியலில் 25 பாகையும் பிற்பகல் மூன்று மணியளவில் 33 பாகையுமாக ஏறி இறங்குகிறது. அதாவது சராசரியிலிருந்து மேலும் கீழும் 4 பாகை வீச்சு. மேல் உணரியில் அந்த வீச்சு 2.4 பாகை, கீழ் உணரியில் 1.15 பாகை. கீழ் உணரியின் உச்சம் மேல் உணரியின் உச்சத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, இரவு பத்து மணியை நெருங்கி வருகிறது.

ஈர மணலின் வெப்ப விரவல் எண்ணை (சூடு மணலில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்ணை) வினாடிக்கு 0.7 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், வீச்சுகளின் விகிதமான 0.48 நாளொன்றுக்கு 0.33 மீட்டர் நீர் கீழிறங்குவதாகச் சொல்கிறது. நான்கு மணி நேரத் தாமதமோ 0.68 மீட்டர் என்கிறது. ஒரே கழி, ஒரே மணல், ஒரே ஒன்பது நாட்கள். விடை மட்டும் இரண்டு மடங்கு வேறுபடுகிறது. எதை நம்புவது?

கிணற்றடி | மார்ச் 4, பகல் 11.40

ஐயா, உங்கள் கேள்விக்கு முன்னால் எனக்கொரு கேள்வி இருக்கிறது. வெப்பமானி சூட்டைத்தானே காட்டும்? மணலில் தண்ணீரே நகராமல் தேங்கி நின்றாலும் வெயிலின் சூடு கீழே இறங்கத்தானே செய்யும்? அப்படியிருக்க, சூடு இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இறங்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்? என் கிணறும் அந்த மாதிரி ஒரு ஓடைக்கரையில்தான் இருக்கிறது. ஆகவே குதர்க்கமாகக் கேட்கவில்லை.

நிலநீர் | மார்ச் 4, பிற்பகல் 2.05

கிணற்றடி அவர்களின் கேள்வியிலேயே முறையின் முழு அடிப்படையும் அடங்கியிருக்கிறது என்பதால் அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் நகராத ஈர மணலிலும் சூடு இறங்கும் என்பது உண்மையே. ஆனால் அது எவ்வளவு இறங்கும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். பகலும் இரவுமாக மாறிவரும் வெப்ப அலை, நீரோட்டமில்லாத ஈர மணலில் ஏறக்குறைய 14 செ.மீ. ஆழத்துக்குள் தேய்ந்து, தன் வீச்சில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மேலாக மட்டும் மிஞ்சும். அரை மீட்டர் ஆழத்தில் அலை இருந்த சுவடே அரிது. நீர் கீழ்நோக்கி இறங்கும்போது அது தன்னோடு பகலின் சூட்டையும் இரவின் குளிரையும் சுமந்து செல்வதால், அலை எதிர்பார்த்ததைவிட ஆழத்துக்குப் போகிறது. அடியிலிருந்து ஊற்றாக நீர் மேலேறும் இடத்தில் அந்த நீர் அலையை எதிர்த்துத் தள்ளுவதால், சில அங்குலத்திலேயே அலை அடங்கிவிடுகிறது. வெறும் கடத்தலால் வந்திருக்க வேண்டிய அளவுக்கும் நாம் கண்ட அளவுக்கும் உள்ள வேறுபாடே நீரின் கணக்கு.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். உச்சி வெயிலில் மேல்மணல் காலைச் சுட்டாலும், முழங்கை ஆழத்தில் சுரக்கும் நீர் குளிர்ந்தே இருக்கும். அங்கு பகலின் சூடு இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கணக்கை முதலில் போட்டது நெல் வயலுக்காக என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1960-ல் ஜப்பானைச் சேர்ந்த சுசுகி, தண்ணீர் கட்டிய வயலில் எவ்வளவு நீர் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை மண்ணின் வெப்பநிலையிலிருந்து கணக்கிடும் வழியை வெளியிட்டார். 1965-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டால்மன் அதைச் செப்பனிட்டு முழுமையான சமன்பாடாக்கினார். அதன்பின் நெடுங்காலம் இது பரவலாகாமல் இருந்ததற்கு, மலிவான பதிவுக்கருவிகளும் மேசைக் கணினிகளும் இல்லாததே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1993-ல் சில்லிமனும் பூத்தும் இண்டியானா மாநிலத்தின் ஜூடே ஓடையில் ஓடை நீரின் வெப்பநிலையையும் படுகையின் வெப்பநிலையையும் ஒப்பிட்டே நீர் இறங்கும் பகுதி எது, ஊறும் பகுதி எது என்று பிரித்துக் காட்டினார்கள். 2006-ல் கலிபோர்னியாவின் பஜாரோ ஆற்றில் ஹாட்சும் உடன் பணியாற்றியோரும், ஓடைக்கரையான் இப்போது செய்திருப்பதைப் போலவே, இரண்டு ஆழங்களின் வீச்சு விகிதத்தையும் கால தாமதத்தையும் தனித்தனியே பயன்படுத்தி நீரின் வேகத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள்.

வெப்பத்தின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. நீரை விடும் திறன் களிமண்ணுக்கும் சரளைக்கும் இடையே கோடிக்கணக்கான மடங்கு வேறுபடக்கூடும். வெப்பத்தைக் கடத்தும் திறனோ, ஈரத்தில் ஊறிய களிமண்ணானாலும் மணலானாலும், இரண்டு மூன்று மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. மண்ணைப் பற்றி அதிகம் தெரியாமலேயே ஓரளவு நம்பத்தக்க விடை கிடைப்பது இதனால்தான்.

கணக்கன் | மார்ச் 4, மாலை 6.31

ஓடைக்கரையானின் கேள்விக்கு நேராக வருகிறேன். வீச்சு விகிதமும் தாமதமும் சமமான சாட்சிகள் அல்ல. அவர் சொன்ன அதே விரவல் எண்ணையும் 20 செ.மீ. இடைவெளியையும் வைத்து ஸ்டால்மன் சமன்பாட்டில் சில எண்களை இட்டுப் பார்த்தேன்.

நீரோட்டமே இல்லையென்றால் வீச்சு விகிதம் 0.24, தாமதம் 5 மணி 30 நிமிடம். நாளொன்றுக்கு 0.33 மீட்டர் நீர் கீழிறங்கினால் விகிதம் 0.48 ஆக இரட்டிக்கிறது. தாமதமோ 5 மணி 4 நிமிடம்தான், அதாவது 26 நிமிடமே குறைகிறது. அதே 0.33 மீட்டர் மேல்நோக்கி ஊறினால் விகிதம் 0.09 ஆகச் சரிகிறது. ஆனால் தாமதம் மறுபடியும் அதே 5 மணி 4 நிமிடம். நீர் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத் தாமதத்தால் சொல்ல முடியாது. எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லும், அதையும் மெதுவான ஓட்டத்தில் மங்கலாகவே சொல்லும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும்போது 26 நிமிட வேறுபாடு என்பது இரண்டு புள்ளிகள்கூட இல்லை.

ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டுமென்றால் வீச்சு விகிதத்தை நம்புங்கள் என்பது என் முதல் பரிந்துரை. ஆயினும் உங்கள் தாமதம் 5 மணிக்குப் பதில் 4 மணியாக இருப்பது இப்படித் தள்ளிவிடக்கூடிய சிறிய வேறுபாடு அல்ல என்பதால் மனம் அமையவில்லை.

மின்கம்பி | மார்ச் 4, இரவு 9.50

உணரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டி.எஸ்.18பி20 உணரியின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை பாகை. அது பெரிய பிழையாகத் தோன்றினாலும், உணரி எப்போதும் அரை பாகை கூடுதலாகவே காட்டினால் வீச்சும் மாறாது, உச்சத்தின் நேரமும் மாறாது. அதன் மிகச் சிறிய படி 0.0625 பாகை, 1.15 பாகை வீச்சுக்கு அது போதுமானது. இரண்டு உணரிகளும் ஒரே சுற்றுப்பலகையில் இருப்பதால் கடிகாரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும் சிக்கலும் உங்களுக்கு இல்லை. தனித்தனிப் பதிவுக்கருவிகள் பயன்படுத்துபவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

நான் சந்தேகிப்பது நீங்கள் உச்சத்தைக் கண்டுபிடித்த விதத்தை. அலையின் முகடு தட்டையானது. கண்ணால் பார்த்து இதுதான் உச்சம் என்று குறித்தால் முன்னும் பின்னும் அரை மணி நேரம் தவறுவது எளிது. ஒவ்வொரு நாளின் தொண்ணூற்றாறு புள்ளிகளுக்கும் 24 மணி நேர அலை ஒன்றைப் பொருத்தி, அதன் கட்டத்தை, அதாவது உச்சம் வரும் நேரத்தை, எடுங்கள். முதல் நாளையும் கடைசி நாளையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் வடிகட்டும்போது ஓரங்கள் கெடும்.

ஓடைக்கரையான் | மார்ச் 5, காலை 8.20

மின்கம்பி அவர்கள் சொன்னபடி நடு ஏழு நாட்களுக்கு அலையைப் பொருத்திப் பார்த்தேன். வீச்சு விகிதம் 0.48, தாமதம் 4 மணி, நாளுக்கு நாள் வேறுபாடு ஐந்து நிமிடத்துக்குள். எண்கள் உறுதியாகவே நிற்கின்றன. முரண்பாடும் அப்படியே நிற்கிறது.

வண்டல் | மார்ச் 5, காலை 10.02

தடுப்பணையிலிருந்து இடையில் எப்போதாவது நீர் திறந்துவிட்டார்களா? மேல்மணல் ஐந்து செ.மீ. அரித்துப் போயிருந்தால் உங்கள் 10 செ.மீ. இப்போது 5 செ.மீ. ஆகியிருக்கும். எங்கள் பக்கத்து வாய்க்காலில் ஒரே இரவில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நிலநீர் | மார்ச் 5, பகல் 12.15

நல்ல ஐயம். ஆனால் இங்கே பொருந்தாது. ஓடும் நீரில் உள்ள உணரியையும் மணலுக்குள் உள்ள உணரியையும் இணையாகக் கொண்டு கணக்கிட்டிருந்தால், மணல் அரித்தாலோ படிந்தாலோ இடைவெளி மாறிக் கணக்கு முழுதும் சாய்ந்துவிடும். ஓடைக்கரையான் எடுத்திருப்பது மணலுக்குள்ளேயே இருக்கும் இரண்டு உணரிகளை. மேலே எவ்வளவு மணல் போனாலும் வந்தாலும், இரண்டும் புதைந்தே இருக்கும் வரை அவற்றுக்கிடையேயான தூரம் மாறாது. இந்தப் பண்பையே திருப்பிப் பயன்படுத்தி, நீருக்கும் முதல் உணரிக்கும் இடையேயான அலை மாற்றத்திலிருந்து மணல் எவ்வளவு அரித்தது என்பதைக் கணக்கிடுபவர்களும் உண்டு.

மாறாதது என்று நான் சொன்னது, கழியில் உணரி நகராமல் இருக்கும் என்ற நம்பிக்கையின் பேரில்தான்.

கணக்கன் | மார்ச் 5, பிற்பகல் 3.44

நிலநீர் ஐயாவின் கடைசி வாக்கியம் என்னை உட்கார வைத்துவிட்டது.

வீச்சையும் தாமதத்தையும் தனித்தனியே பயன்படுத்தும்போது வெப்ப விரவல் எண்ணை நாம் ஊகித்துக் கொடுக்கிறோம். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினால் அந்த ஊகம் தேவையில்லை. இரண்டு அளவீடுகளிலிருந்து இரண்டு தெரியாதவற்றை, அதாவது நீரின் வேகத்தையும் விரவல் எண்ணையும், நேரடியாகவே பெறலாம். 2013-ல் லூஸும் உடன் பணியாற்றியோரும் இதற்கான எளிய வாய்பாட்டை வெளியிட்டார்கள். விகிதத்தின் இயல் மடக்கையைக் குறிமாற்றி இடைவெளியால் வகுத்தால் ஒரு மீட்டருக்கான தேய்வு கிடைக்கும். உங்களுக்கு அது 3.68. 24 மணி நேரத்தை ஒரு முழுச் சுற்றாகக் கொண்டு தாமதத்தை ரேடியன் கோணமாக்கி இடைவெளியால் வகுத்தால் ஒரு மீட்டருக்கான கட்ட மாற்றம். உங்களுக்கு அது 5.24. இரண்டையும் சேர்த்தால் வெப்ப விரவல் எண் வினாடிக்கு 1.25 சதுர மில்லிமீட்டர் என்று வருகிறது.

இந்த எண் ஈர மணலுக்கு நம்பத்தக்கதல்ல. நீர் நிறைந்த மணலுக்குப் பொதுவாக 0.5-க்கும் 1.0-க்கும் இடையில்தான் வரும். ஆகவே மணலைப் பற்றிய ஊகம் பிழையன்று, வேறேதோ பிழை.

அந்த வாய்பாட்டில் விரவல் எண் இடைவெளியின் இருமடியைப் பொறுத்து மாறும். நீங்கள் நினைத்த 0.7 சரியானால், இடைவெளி 20 செ.மீ. அல்ல, 15 செ.மீ. கழியில் ஓர் உணரி ஐந்து செ.மீ. நகர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிணற்றடி | மார்ச் 5, மாலை 5.17

மன்னிக்கவும், இது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் மணலின் எண்ணை ஊகித்தீர்கள். விடை ஒத்துவரவில்லை என்றதும் அதைக் காப்பாற்ற உணரி நகர்ந்தது என்கிறீர்கள். கணக்கு ஒத்துவருவதற்காக அளவுகோலை வெட்டுவது போல் இருக்கிறதே?

கணக்கன் | மார்ச் 5, மாலை 6.02

முற்றிலும் நியாயமான எதிர்ப்பு. நான் சொன்னது முடிவல்ல, ஐயுறவு மட்டுமே. பக்கவாட்டு நீரோட்டம், கழியை ஒட்டி ஏற்பட்ட இடுக்கின் வழியே நீர் இறங்குதல், உலோகக் குழாய் வழியே சூடு கடத்தப்படுதல் ஆகியவையும் இந்த எண்ணைப் பெருக்கிக் காட்டும். இவர் பயன்படுத்தியது மூங்கில் என்பதால் மூன்றாவதை விட்டுவிடலாம். முதல் இரண்டும் இருக்கக்கூடும். ஆனால் உணரி நகர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

நிலநீர் | மார்ச் 5, இரவு 7.30

பார்ப்பதற்காகக் கழியைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கும்போது மணல் உராய்ந்து உணரி எதிர்த்திசையில் நகரும். சான்றை நாமே அழித்ததாகிவிடும். இருக்கும் இடத்திலேயே தோண்டிப் பாருங்கள்.

ஓடைக்கரையான் | மார்ச் 7, பகல் 1.25

தோண்டிப் பார்த்துவிட்டேன். நீர் ஓடும் மணலில் குழி தோண்டினால் உடனே சரிந்து மூடிவிடும் என்பதால், இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்தெடுத்து, கழியைச் சுற்றி அதைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்று திருகித் திருகி மணலுக்குள் இறக்கினேன். பிறகு உள்ளேயிருந்த மணலைக் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுத்தேன். கழியை அசைக்கவில்லை.

மேல் உணரி கட்டிய இடத்திலேயே இருந்தது. கீழ் உணரி இல்லை. அதைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை வழுக்கி, உணரி கழியில் மேல்நோக்கி நகர்ந்திருந்தது. அதன் கம்பி இரண்டு உணரிகளுக்கும் நடுவே ஒரு சிறு வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழியைச் சுத்தியலால் அடித்து இறக்கும்போது மணல் உராய்ந்து அதை மேலே தள்ளியிருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: இடைவெளி 15.2 செ.மீ.

மேல் உணரி தப்பியதற்குக் காரணம், அது குறைந்த தூரமே மணலுக்குள் போனதும், கட்டும்போது அதற்கடியில் மூங்கிலின் கணு இருந்ததும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கணுவை நான் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

கணக்கன் | மார்ச் 7, பிற்பகல் 2.40

15.2 செ.மீ. என்றால் விரவல் எண் 0.72, இது மணலுக்குரிய எண்ணே. நீர் வெப்பத்தைச் சுமந்து கீழிறக்கும் வேகம் நாளொன்றுக்கு 0.31 மீட்டர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: வெப்பம் நகரும் வேகமும் நீர் இறங்கும் அளவும் ஒன்றல்ல. வெப்பம் போகும் வழியில் நீரை மட்டுமல்லாமல் மணற்பரல்களையும் சூடாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க 4.18 மெகாஜூல் தேவை; நீர் நிறைந்த மணலுக்கு ஏறக்குறைய 2.8 மெகாஜூல் போதும். இவற்றின் விகிதமான 0.67-ஆல் பெருக்கினால் நீரின் அளவு நாளொன்றுக்கு 0.21 மீட்டர் என்று வருகிறது.

முதலில் வந்த 0.33, 0.68 ஆகிய இரண்டுமே மிகை. வீச்சை நம்புங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் அப்படியே விட்டிருந்தால், ஒன்றரை மடங்கு அதிகமான விடையோடு போயிருப்பீர்கள். அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கிணற்றடி | மார்ச் 7, பிற்பகல் 3.18

நானும் என் ஐயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஐந்து செ.மீ. நகர்ந்ததை மணலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டே கணக்கில் பார்த்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓடைக்கரையான் | மார்ச் 7, மாலை 4.55

அப்படியானால் 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.2 மீட்டர்: மொத்தம் 240 கன மீட்டர், அதாவது நாளொன்றுக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் நீர் கிணறுகளை நோக்கிப் போகிறது என்று ஊரில் சொல்லிவிடலாமா?

நிலநீர் | மார்ச் 7, இரவு 8.10

தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் கழி அளந்தது நிலத்தடிக்குப் போகும் நீரை அல்ல, 10 செ.மீ. ஆழத்திலிருந்து 25 செ.மீ. வரை கீழ்நோக்கிச் செல்லும் நீரை மட்டுமே. ஓடையில் மணல் மேடு தட்டி நீர் சலசலத்து ஓடும் இடத்தில், மேட்டின் மேல்பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், மணலுக்குள் நுழையும் நீரில் ஒரு பகுதி சில மீட்டர் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் மறுபடியும் ஓடைக்கே வந்துவிடும். அந்த நுழைவாயிலில் கழியை நட்டால் பெரும் இழப்பு என்று காட்டும். உண்மையில் அங்கே எதுவும் இழக்கப்படவில்லை. ஓடை உள்ளே மூச்சிழுத்து வெளியே விடுகிறது, அவ்வளவுதான். உங்கள் கழி மேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை.

இரண்டாவது, ஓடைப்படுகை ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு கழியின் விடையை ஆயிரத்து இருநூறு சதுர மீட்டருக்கு விரிப்பது, ஒரு சோற்றைத் தொட்டுப் பார்த்துப் பந்தி முழுவதற்கும் பதம் சொல்வது போன்றது; பானை ஒன்றாக இருந்தால்தான் அந்த வழி பலிக்கும்.

வடகரை | மார்ச் 7, இரவு 11.36

ஒன்ராறியோவிலிருந்து எழுதுகிறேன். நிலநீர் ஐயா சொன்ன இரண்டாவது தடைக்கு எங்கள் மாகாணத்திலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஆங்கஸ் என்ற ஊரில் உலர் சலவைக் கரைப்பான் கலந்த நிலத்தடி நீர் பைன் ஆற்றுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அது எந்த இடங்களில் வெளிப்படுகிறது என்பதைக் கண்டறிய, கோனன்ட் என்ற ஆய்வாளர் ஆற்றின் ஒரு சிறு பகுதியில் நெருக்கமான கட்டங்களாகப் படுகையின் வெப்பநிலையை அளந்து வரைபடமாக்கி 2004-ல் வெளியிட்டார். சில அடிகள் தள்ளித் தள்ளி வெப்பநிலை மாறியது. ஊற்று பலமாக வரும் புள்ளிகளும், ஏறக்குறைய எதுவுமே வராத இடங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே கோடையில் ஆற்று நீர் 20 பாகையைத் தாண்டும்போது நிலத்தடி நீர் 10 பாகையளவில் குளிர்ந்திருக்கும். பனிக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே ஒரே நாளில் வெப்பமானியோடு ஆற்றில் நடந்தே ஊற்றுகளைக் கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் 28, 29 பாகையை ஒட்டியே இருக்குமல்லவா? ஓடை நீரின் நாட்சராசரியும் அதற்கு அருகிலேயே இருக்குமே. இந்த வழி உங்களுக்கு உதவுமா?

நிலநீர் | மார்ச் 8, காலை 7.05

வடகரை அவர்களே, மிகச் சரியான கவனிப்பு. பருவ வேறுபாட்டை நம்பும் முறைகளும், ஒருநாள் நடந்து அளந்து வரைபடமாக்கும் முறையும் எங்கள் சமவெளியில் எளிதில் பலிப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்திருப்பது பகலிரவு அலைதான்; ஆழம் குறைந்த மணல் ஓடையில் அது எட்டு பாகை வரை ஏறி இறங்குகிறது. அதனால் ஓடைக்கரையான் தேர்ந்தெடுத்த வழி இந்த நாட்டுக்குப் பொருத்தமானதே. பள்ளமான மடுவில், நீர் இரண்டு மீட்டர் நின்றால், அந்த அலையும் மங்கிவிடும்.

மின்கம்பி | மார்ச் 8, காலை 9.33

ஒளியிழையை ஓடை நெடுகக் கிடத்தி மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை எடுக்கும் முறையையும் யாரேனும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2006-ல் செல்க்கரும் உடன் பணியாற்றியோரும் லக்சம்பர்க்கின் மைஸ்பிச் ஓடையில் அதைச் செய்து காட்டினார்கள். ஊறும் இடங்களை அது அழகாகக் காட்டும். இறங்கும் நீருக்கு அது அவ்வளவாக உதவாது, ஏனெனில் இறங்கும் இடத்தில் படுகையின் மேற்பரப்பும் ஓடை நீரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். கருவியின் விலையும் நம் கைக்கு எட்டாது. மூங்கில் கழிகளே போதும்.

ஓடைக்கரையான் | மார்ச் 8, பகல் 11.48

என் கழி மணல் மேட்டின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. நீர் தெளிவாக இருந்ததாலும் நிற்க வசதியாக இருந்ததாலும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிலநீர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்படியானால் என்னதான் செய்வது?

நிலநீர் | மார்ச் 8, பிற்பகல் 1.20

கழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: மேட்டின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், சமமான பகுதி, இரு கரையோரங்கள், நடு. ஒவ்வொன்றிலும் இரண்டுக்குப் பதில் நான்கு உணரிகள் வையுங்கள். உள்ளே போய்த் திரும்பும் நீரானால், ஆழம் கூடக்கூடக் கீழ்நோக்கிய ஓட்டம் குறைந்துகொண்டே வரும். உண்மையாகவே நிலத்தடிக்குப் போகும் நீரானால் ஏறக்குறைய ஒரே அளவில் தொடரும்.

கூடவே, இருநூறு மீட்டரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் முக்கோண வெட்டுப் பலகை (வெட்டின் வழியே பாயும் நீரின் உயரத்திலிருந்து நீரோட்டத்தை அளக்கும் பலகை) ஒவ்வொன்று வைத்து ஓடையின் நீரளவையும் எடுங்கள். ஓடையில் வினாடிக்கு 20 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது நாளொன்றுக்கு 1,728 கன மீட்டர். உங்கள் 240 கன மீட்டர் அதில் ஏழில் ஒரு பங்கு. இரு முனை அளவீடுகளிலும் ஐந்து விழுக்காட்டுப் பிழை இருந்தாலும் இந்த வேறுபாடு மங்கலாகவேனும் தெரியும். தெரியவில்லையென்றால் உங்கள் நீர் திரும்பி வருகிறது என்று பொருள்.

அந்தப் பலகைகளைப் பகலில் ஒருமுறை பார்த்து விட்டுவிடாதீர்கள். நீர் 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாகும்போது அதன் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதே மணலில் இன்னும் எளிதாக இறங்கும். ஆகவே பிற்பகலில் இழப்பு கூடும், விடியலில் குறையும். கொலராடோவின் செயின்ட் கெவின் ஓடையில் நாள்தோறும் பிற்பகலில் நீரோட்டம் குறைந்ததற்கு இதுவும் காரணம் என்று கான்ஸ்டான்ஸும் உடன் பணியாற்றியோரும் 1994-ல் விளக்கியிருக்கிறார்கள். முழு நாளுக்கும் அளந்து சராசரி எடுங்கள்.

கிணற்றடி | மார்ச் 8, பிற்பகல் 2.02

இரண்டு கழிக்கான உணரிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கிணற்றின் நீர்மட்டத்தையும் காலையும் மாலையும் குறித்துத் தருகிறேன்; மோட்டார் ஓடிய நேரத்தையும் சேர்த்தே எழுதிவைப்பேன்.

ஓடைக்கரையான் | மார்ச் 8, மாலை 5.40

மிக்க நன்றி, ஐயா. ஆறு கழிகள், இருபத்து நான்கு உணரிகள் என்று முடிவு செய்திருக்கிறேன். இம்முறை உணரிகளைப் பட்டையால் கட்டப் போவதில்லை. எப்படிப் பொருத்துவது என்று மின்கம்பி அவர்கள் சொன்னால் நாளைக்கே தச்சரிடம் போகிறேன்.

மின்கம்பி | மார்ச் 8, இரவு 9.15

மூங்கிலை விட்டுவிட்டு, இரண்டு அங்குலத் தேக்குச் சட்டம் எடுங்கள். நீளவாக்கில் ஒரு காடி வெட்டச் சொல்லி, கம்பிகள் முழுவதும் அதற்குள் போகட்டும். உணரி இருக்கும் இடங்களில் குறுக்கே துளையிட்டு, உணரியின் நுனி மட்டும் பக்கவாட்டில் மணலைத் தொடுமாறு செருகி, எபாக்ஸி பசையால் அடைத்துவிடுங்கள். வெளியே எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. அடித்து இறக்காமல், கடப்பாரையால் முதலில் சற்றுச் சிறிய துளை போட்டுக்கொண்டு அதற்குள் அழுத்துங்கள். பிறகு இடுக்கு மூடிக்கொள்ள இரண்டு நாட்கள் விட்டுவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

நடுவதற்கு முன்பு எல்லா உணரிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டுப் பதிவு எடுத்து வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது கலக்கிவிடுங்கள். எந்த உணரி எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்பதும், எது மாற்றத்தைத் தாமதமாக உணர்கிறது என்பதும் அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் உணரிகளுக்கிடையேயான தூரத்தை நட்ட பிறகு நினைவிலிருந்து எழுதாமல், நடுவதற்கு முன் அளவுகோலோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.